கேம்பர் வேனில் கொடைக்கானல் மலை: முதல்முறை ஏறுகிறவர்களுக்கு

வேனுக்குள்ளேயே படுக்கை, வேனுக்குள்ளேயே அடுப்பு. ரூம் தேட வேண்டாம், பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், காலையில் கதவைத் திறந்தால் மேகம். கேம்பர் வேன் வாடகைக்கு எடுக்கிற எல்லோர் மனதிலும் இந்தப் படம்தான் ஓடுகிறது. கொடைக்கானல் பக்கம் அதில் பாதிதான் நடக்கும். மேகம் வரும். பிடித்த இடத்தில் நிறுத்துவது நடக்காது. ரோட்டுக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நடுவில் கொஞ்சம் சமதளம் தெரிந்தால் அது வனத்துறை இடம், இல்லாவிட்டால் யாருடைய காப்பித் தோட்டமோ.

ஆகவே வழக்கமாகப் போடும் திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். என்ன பார்ப்பது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இரவும் வண்டி எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இ-பாஸ், பாதை, டீசல், தண்ணீர் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். விசாரித்தும் அலைந்தும் சேர்த்த விவரங்களை, மதுரையிலிருந்து கிளம்பி மூன்று இரவு தங்கும் பயணத்துக்கு ஏற்றபடி கீழே தருகிறேன்.

1. மாதத்தையும் கிழமையையும் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை வேனுக்கு ஏற்ற காலம். வானம் தெளிவாக இருக்கும், ரோடு காய்ந்திருக்கும். குளிர் மட்டும் கடுமை. கொடைக்கானலைத் தாண்டிய மேல்மலைப் பக்கம் புல்லில் உறைபனி படியும். ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை மழை உண்டு என்றாலும் கூட்டம் குறைவு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண்சரிவு, மரம் விழுவது, பாதை அடைப்பு எல்லாம் அப்போதுதான். கார்க்காரர் திருப்பிக்கொண்டு போய்விடுவார். வேனைத் திருப்ப இடம் கிடைக்காது. ஏப்ரல், மே சீசனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் வேனோடு ஊருக்குள் நுழைவது வீண்வேலை.

கிழமை: செவ்வாய் ஏறி வெள்ளி இறங்குங்கள். சனி காலை மலை ஏறும் வரிசையைப் பார்த்தால் காரணம் புரியும்.

2. வண்டி: அளவும் காகிதமும்

2024 நவம்பர் 18 முதல் 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்களைக் கொடைக்கானல் மலைப்பாதையில் விடுவதில்லை. எந்தக் கேம்பர் வேனும் அவ்வளவு நீளம் வராது என்பதால் சட்டப்படி உங்களுக்குத் தடையில்லை. ஆனால் நடைமுறை எல்லை வேறு. டெம்போ டிராவலர் வகை வண்டியில் குட்டை அளவு, அதாவது ஆறு மீட்டருக்குள் இருப்பதை எடுங்கள். ஏழு மீட்டர் வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்பிவிடும், தங்கும் வீட்டின் கேட்டில்தான் திரும்பாது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் வகை இந்த மலைக்கு வேண்டவே வேண்டாம்.

உயரத்தையும் கேளுங்கள். கூரைமேல் ஏசி, சோலார் தகடு வைத்த வண்டிகள் மூன்று மீட்டரைத் தொடும். கிராமத்துச் சந்துகளில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் பலா மரக் கிளையும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

காகிதங்களைப் படமாக வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்:

ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வகை கேம்பர் வேன் அல்லது மோட்டார் கேரவன் என்று இருக்க வேண்டும். சாதாரண டெம்போ வேனுக்குள் கட்டிலும் சிங்க்கும் அடித்துவிட்டு ஆர்.சி.யை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி அப்படி மாற்றியமைப்பது தவறு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான்.

நம்பர் பிளேட்டின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்களே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். வெள்ளைப் பலகை வண்டியை "நண்பர் வண்டின்னு சொல்லிக்குங்க சார்" என்று தந்தால் வாங்காதீர்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இவற்றோடு இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), புகைச் சான்று, பெர்மிட். கர்நாடகப் பதிவு வண்டி என்றால் தமிழ்நாட்டுக்குள் வர அகில இந்திய சுற்றுலா பெர்மிட் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். உரிமத்தைப் பொறுத்தவரை, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு உங்களிடம் உள்ள எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமமே போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. உரிமம் இருக்கிறது என்பதற்காக, மலையில் கார்கூட ஓட்டியிராதவர் வேனை ஓட்ட வேண்டாம். டிரைவரோடு எடுங்கள். அவருக்கு மலைப்பாதை பழக்கம் உண்டா என்பதைக் கம்பெனியிடம் கேட்காமல் அவரிடமே போனில் கேளுங்கள்.

3. இரவு நிறுத்தம்

எல்லா வசதியும் கொண்ட கேரவன் பூங்கா ஏதாவது இருக்கும் என்று நம்பி ஏறாதீர்கள். கேரளத்தில் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை வகுத்து வாகமண்ணில் பூங்காவும் திறந்தார்கள். இந்த மலையில் நமக்குக் கைகொடுப்பது ஹோம்ஸ்டேக்காரர் வீட்டு முற்றமும் தோட்டக்காரர் களமும்தான்.

வியூ பாயிண்ட், ஏரிக்கரை, காட்டு ரோட்டோரம் ஆகிய இடங்களில் படுக்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். போலீஸோ வனத்துறையினரோ நள்ளிரவில் கண்ணாடியைத் தட்டி எழுப்பினால், இருட்டில் மூடுபனியில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? வெட்டவெளியில் கூடாரம் அடித்து வாடகைக்கு விடும் இடங்கள்மேலும் மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது நடவடிக்கை எடுக்கிறது. விலை குறைவு என்று அந்த மாதிரி இடத்தில் வேனை நிறுத்தினால், ரெய்டு வரும் அன்று நீங்களும் சேர்ந்து வெளியே நிற்க வேண்டும்.

ஹோம்ஸ்டேக்குப் போன் செய்யும்போது "வேன் நிறுத்தலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு ஒருவர் "பஸ்ஸே வரும், வாங்க" என்றார். போய்ப் பார்த்தால் பஸ் வருவது வீட்டுக்குக் கீழே இருக்கும் ரோட்டுக்கு, கேட்டில் ஜீப்தான் நுழையும். கேட்க வேண்டியவை இவை:

கேட்டின் அகலம் எத்தனை அடி? கண்ணாடிகளோடு சேர்த்து வேன் எட்டரை அடி வரும். பத்தடிக்குக் குறைந்தால் வேண்டாம். கேட்டுக்கு முன்னால் ரோடு எவ்வளவு அகலம் என்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் வண்டி நேராகப் போய் நுழைவதில்லை, திரும்பி நுழைகிறது. மெயின் ரோட்டிலிருந்து முற்றம் வரை நடந்தபடி ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவர் வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

முற்றம் சமமா, சரிவா? மலையில் சமம் என்பார்கள், வண்டி நிறுத்தினால் தலை கீழே போகும். சக்கரத்துக்கு அடியில் வைக்க நான்கு ஆப்புக் கட்டைகள் கொண்டுபோங்கள். மழைக்குப் பின் முற்றம் சேறாகுமா என்றும் கேளுங்கள். இரவு மழை பெய்து காலையில் சக்கரம் சுற்றினால் இழுக்க டிராக்டர்தான் வர வேண்டும்.

கரண்ட் எடுத்துக்கொள்ளலாமா, எத்தனை ஆம்பியர் பிளக்? கழிவறையையும் வெந்நீரையும் பயன்படுத்தலாமா? இதற்கெல்லாம் சேர்த்து இரவுக்கு எவ்வளவு?

எங்களிடம் 500 ரூபாயிலிருந்து 1,500 வரை கேட்டார்கள். பேரம் பேசுவதைவிட, ஒரே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வண்டியை முற்றத்தில் நிறுத்துவது நிம்மதி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் அறையில் படுத்துக்கொள்வார்கள், குளியலறைப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். கேம்பர் வேன் எடுத்துவிட்டு அறையும் எடுப்பதா என்று கௌரவம் பார்ப்பவர்கள், விடிகாலை ஐந்து மணிக்கு அந்தக் குளிரில் வேன் கழிவறையை ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கட்டும்.

இடங்களைப் பொறுத்தவரை நான் சொல்லும் வரிசை: முதல் இரவு பெருமாள்மலை அல்லது கொடைக்கானல் நகரின் வெளிப்பகுதி. இரண்டாம் இரவு மேல்மலையில் பூம்பாறை அல்லது மன்னவனூர் பக்கம். மூன்றாம் இரவு இறங்கும் வழியில் கீழ்மலையில் பண்ணைக்காடு அல்லது தாண்டிக்குடி. நகரைச் சுற்றி வில்பட்டி, அட்டுவம்பட்டி பக்கம் அழகான வீடுகள் நிறைய உண்டு, ஆனால் சரிவான குறுகல் ரோடுகள். பகலில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் இருட்டிய பிறகு அங்கே வேனை இறக்க வேண்டாம். எந்த இடமாக இருந்தாலும் மாலை ஐந்து மணிக்குள் வண்டி நின்றுவிட வேண்டும்.

4. இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். பெயர், முகவரி, வண்டி எண், வண்டியின் வகை, எத்தனை பேர், நுழையும் தேதி, வெளியேறும் தேதி, தங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். தங்கும் இடத்தை நிரப்பும்போது வேன்காரர்கள் திகைத்து நிற்பார்கள். மூன்றாவது படியை முடித்தவர்களுக்குத் திகைப்பு இல்லை, முதல் இரவு நிறுத்தும் ஹோம்ஸ்டேயின் பெயரைப் போட்டுவிடலாம்.

கட்டணம் கிடையாது. "எடுத்துத் தருகிறேன்" என்று நூறு இருநூறு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சீசனில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வைத்தார்கள். நீங்கள் போகும் வாரம் என்ன நிலை என்பதை அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை வேனுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. நீங்கள் முன்பதிவு செய்த வண்டிக்கு ஏதாவது ரிப்பேர் என்று கிளம்பும் அன்று காலை வேறு வண்டி அனுப்புவார்கள். வேன் அதே மாதிரி இருக்கும், எண் வேறு. பாஸில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகாது. வண்டி வீட்டு வாசலுக்கு வந்தவுடன் எண்ணைச் சரிபாருங்கள், மாறியிருந்தால் புதுப் பாஸ் எடுத்துவிட்டு நகருங்கள். மலையடிவாரம் தாண்டினால் சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. பாஸில் உள்ள க்யூ.ஆர். குறியீட்டைத் தாளில் அச்சடித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

வத்தலக்குண்டு வழி வந்தாலும் பழனி வழி வந்தாலும் பெருமாள்மலையில் இரண்டு பாதைகளும் சேர்ந்துவிடும். நகருக்குள் நுழையுமுன் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே சாவடி. பிளாஸ்டிக்கையும் பார்ப்பார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் கொண்டுபோகக் கூடாது. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வேன்காரர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை, 20 லிட்டர் கேன் வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்ட ஜூஸ் பாட்டிலை மட்டும் வத்தலக்குண்டிலேயே தேடி எடுத்துவிடுங்கள்.

கீழ்மலையில் மட்டும் தங்கப் போகிறேன் என்பவரும் பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். காசா பணமா?

5. செலவுக் கணக்கு

நான் விசாரித்த இடங்களில் நாள் வாடகை 6,000 ரூபாயிலிருந்து 12,000 வரை சொன்னார்கள். நடுவில் 8,000 என்று வைத்தால் நான்கு நாளுக்கு 32,000. டிரைவர் பேட்டா நாளுக்கு 1,000 என்றால் 4,000. இரவு நிறுத்தம் மூன்றுக்கு 3,000. மதுரையிலிருந்து போய்ச் சுற்றித் திரும்ப 450 கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைப்போம். ஏற்றத்தில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கிடைத்தால் பெரிய விஷயம். 56 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்றால் 5,200 சொச்சம். சாப்பாடு, நுழைவுக் கட்டணங்கள் சேர்க்காமல் 44,000 தாண்டுகிறது. திரும்பக் கிடைக்கும் டெபாசிட் தனி.

காரில் போய் நல்ல அறை எடுத்தால் இதைவிடக் குறையும். பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று வேன் எடுக்காதீர்கள். நான்கைந்து பேர் ஒன்றாகப் படுத்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக விழித்துக்கொள்ளும் அனுபவத்துக்குத்தான் இந்தக் காசு.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், அதற்கு மேல் என்ன கட்டணம், "நாள்" என்பது 24 மணி நேரமா அல்லது காலண்டர் தேதியா. இரவு பத்து மணிக்கு வண்டியை எடுத்தவருக்கு, இரண்டு மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை முடிந்துவிட்டது என்று கணக்குச் சொல்வார்கள். மலையில் பழுதானால் இழுத்துவரும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஃபாஸ்டேக்கில் இருப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், மினி பஸ் வகைக்குக் காரைவிடச் சுங்கம் அதிகம்.

6. கரண்ட், கேஸ், தண்ணீர், கழிவறை

வண்டியில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது என்பார்கள். 12 வோல்ட்டில் அது 1,200 வாட்-மணி. சாதாரண லெட் ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். விளக்கு, போன் சார்ஜ், சின்ன ஃப்ரிட்ஜ் ஆகியவற்றுக்கு ஒரு இரவு தாங்கும். 1,000 வாட் ஹீட்டரை மாட்டினால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. மூடுபனியில் சோலார் பெயருக்குத்தான். ஆகவே ஹோம்ஸ்டே கரண்ட் வேண்டும், அதற்கு 25 மீட்டர் நீளத்தில் தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டும். பழைய வீட்டு வயரிங்கில் ஹீட்டரும் கெட்டிலும் ஒரே நேரத்தில் போட்டால் அவர்கள் வீட்டு ஃபியூஸ் போகும், உங்கள் மரியாதையும் போகும்.

குளிருக்கு ஹீட்டரை நம்பாதீர்கள், கம்பளியை நம்புங்கள். ஆளுக்கு இரண்டு. கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்போ கேஸ் அடுப்போ எரித்துக் குளிர் காய்வது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது, தூக்கத்திலேயே முடித்துவிடும். சமைக்கும்போதும் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சமையலுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் போதும். சின்ன கேன் அடுப்புகளில் வரும் பியூட்டேன் வாயு குளிரில் ஆவியாகத் திணறும், மன்னவனூரில் விடிகாலை டீக்கு அதை நம்ப முடியாது. இன்னொன்று, 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரம் ஆகும். குக்கர் எடுத்துப்போங்கள், வழக்கத்தைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைக் கீழேயே நிரப்பிக்கொண்டு ஏறாதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அதை மலை முழுக்க எஞ்சின் இழுக்க வேண்டும். கால் தொட்டியோடு ஏறி ஹோம்ஸ்டேயில் நிரப்புங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் பிடிக்க வேண்டாம், கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் தண்ணீர்தான் அது.

வேன் கழிவறையின் கழிவு சேரும் பெட்டியை ஹோம்ஸ்டே கழிவறையில் மட்டும், அவர்களிடம் கேட்டுவிட்டு ஊற்றுங்கள். அந்தப் பெட்டியில் ஊற்றும் மருந்தை அதிகம் கலந்தால் அவர்கள் செப்டிக் டேங்க் கெட்டுப்போகும், பாதி அளவு போதும். ஓடையோரம், காட்டோரம் கொட்டுவது மன்னிக்க முடியாத வேலை. கீழே இருக்கும் ஊர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

7. ஏறும் வழி, இறங்கும் வழி

ஏறுவதற்கு வத்தலக்குண்டு, மலையடிவாரத்தில் உள்ள காட்ரோடு வழி. மற்ற பாதைகளைவிட அகலமானது இதுதான். வத்தலக்குண்டில் காலைச் சாப்பாட்டை முடித்து, டீசல் நிரப்பி, ஏழு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் நிதானமாக மேலே இருக்கலாம். பழனி வழி 64 கிலோமீட்டர், குறுகல், வளைவு அதிகம். வேனுக்குப் புதியவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தேனி, பெரியகுளம் பக்கமிருந்து வருகிறவர்கள் ஜாக்கிரதை. கும்பக்கரை, அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஒரு ரோடு இருக்கிறது. தூரம் குறைவு என்று மேப் அதைக் காட்டும். செங்குத்தான, ஒற்றை வண்டி அகல ரோடு அது. பைக்குக்கு நன்று, வேனுக்கு வேண்டாம். காட்ரோடு வரை வந்தே ஏறுங்கள்.

ஓட்டுவது பற்றிச் சுருக்கமாக. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் லைனிங் கருகும் வாடை வரும். வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். கொண்டை ஊசியில் எதிரே பஸ் வந்தால் அதற்கு முழு வளைவும் தேவைப்படும். வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், பாதியில் போய் மூக்கை நுழைத்தால் இருவரும் நகர முடியாது.

இறங்குவதற்குப் பெருமாள்மலை தாண்டி ஊத்து, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழி. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் ரோடு, கூட்டம் கிடையாது. அகலமும் கிடையாது. மழை நாளில் இதைத் தவிர்த்து வந்த வழியே இறங்கிவிடுங்கள்.

(நீலகிரி போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வரி. இ-பாஸ் அங்கேயும் உண்டு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்க வெளியூர் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. 36 கொண்டை ஊசிகள். கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும்.)

8. எங்கே, எப்போது நிற்பது

எல்லா இடத்துக்கும் ஒரே விதி: மலையில் காட்சி காலையில்தான். பதினோரு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் மேகம் ஏறி மூடிவிடும்.

ஏறும்போது டம்டம் பாறை. எதிர்மலையில் எலிவால் அருவியும் கீழே மஞ்சளாறு அணையும் தெரியும். வண்டி நிறுத்த இடம் உண்டு. வெள்ளி நீர்வீழ்ச்சியில் வேனை நிறுத்தப் போராட வேண்டாம், போகிற போக்கில் பார்த்தாலே போதும்.

நகருக்குள் வேனை எடுத்துப்போகாதீர்கள். ஏழு ரோடு சந்திப்பில் மாட்டினால் பின்னால் வருகிறவர் அத்தனை பேரும் உங்களைத்தான் திட்டுவார்கள். வண்டியை ஹோம்ஸ்டேயில் விட்டுவிட்டு உள்ளூர் டாக்சி பிடித்து, காலையிலேயே தூண் பாறையும் கோக்கர்ஸ் வாக்கும் பார்த்துவிடுங்கள். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், குறைந்த எண்ணிக்கையில்தான் விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். வேன் பயணத்தில் அதை எதிர்பார்த்து ஒரு நாளை ஒதுக்க வேண்டாம்.

வேன் பயணத்தின் உண்மையான இடம் மேல்மலை. நகரிலேயே டீசல் நிரப்பி, ஏ.டி.எம்.மில் பணம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பூம்பாறை. ஊருக்குள் இறங்குமுன் மேலே ரோட்டோரத்திலிருந்தே படிக்கட்டு வயல்களும் ஓட்டு வீடுகளும் முழுசாகத் தெரியும். வேனை மேலேயே நிறுத்திவிட்டுக் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு நடந்து இறங்குங்கள், தெரு அவ்வளவு குறுகல். பூண்டு வாங்காமல் வராதீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நல்ல பூண்டு வாடை வேன் முழுக்க ஏறும் என்பதால் கூரைமேல் கட்டுங்கள்.

அங்கிருந்து மன்னவனூர் இன்னும் 15 கிலோமீட்டர் சுமார். புல்வெளி, மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை, வனத்துறை பரிசல் விடும் ஏரி. மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து இரவு அங்கேயே தங்கினால், பகல் கூட்டம் நான்கு மணிக்குக் கிளம்பிப்போன பிறகு மலை உங்களுக்கே. அதற்கு மேல் கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ரோடு போகிறது. மறுநாள் காலை அந்த ஊர்களுக்கு பஸ்ஸில் போய்வாருங்கள், வேன் ஓய்வெடுக்கட்டும்.

கீழ்மலையில் தாண்டிக்குடி. இங்கே குளிர் குறைவு, காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. பெரும்பாறை பக்கம் புல்லாவெளி அருவியைத் தூரத்திலிருந்து பாருங்கள். வழுக்குப் பாறையில் படம் எடுக்கப் போய் உயிரை விட்டவர் உண்டு.

9. விலங்குகள்

கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடக்கும். சாதுவாகத் தெரியும், ஆனால் ஒரு டன் எடை. வேனுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது வந்தால் விளக்கடித்து விரட்டாமல் மெதுவாக உள்ளே ஏறிக் கதவைச் சாத்துங்கள். கீழ்மலைப் பக்கம் யானை வரும். பலாப்பழ வாசனைக்கும் வாழைக்கும் வரும், ஆகவே வாங்கிய தாரை வேனுக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். குரங்குகள் பகலில் திறந்த கூரை ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும். காட்டோரம் தீ மூட்டுவது குற்றம். பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்திருக்கும்போது ஒரு பீடித் துண்டு போதும்.

10. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது

எடுக்கும் அன்று வண்டியின் நான்கு பக்கம், கூரை, டயர், உள்ளே உள்ள சாமான்கள், கிலோமீட்டர், டீசல் முள் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அப்போதே வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். கொடுக்கும் அன்றும் அதே மாதிரி. கூரையை மறக்காதீர்கள். மரக்கிளை உரசிய கோடு பழசா புதுசா என்ற சண்டையில்தான் டெபாசிட்டில் பாதி போகும்.

கழிவறைப் பெட்டியைத் தாண்டிக்குடியிலேயே கழுவிவிடுங்கள், அழுக்காகக் கொடுத்தால் சுத்தக் கட்டணம் என்று தனியாகப் பிடிப்பார்கள். சிலிண்டர், ஆப்புக் கட்டை, எக்ஸ்டென்ஷன் ஒயர் ஆகியவற்றை எண்ணிக் கொடுத்து டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட் எத்தனை நாளில் கணக்கில் ஏறும் என்று அங்கேயே கேட்டு மெசேஜாக வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.